தொட்டி பெரிசு, குழாய் சிறிசு: பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளின் கணக்கு

2002 பிப்ரவரியில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 4 என்ற பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களை இறக்கியது. ஒன்று டிஐ, இன்னொன்று எம்எக்ஸ். கடைக்குப் போகிறவருக்கு இரண்டுமே ஜீஃபோர்ஸ் 4 தான். ஒன்று விலை அதிகம், இன்னொன்று குறைவு. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதானே என்று எம்எக்ஸ் 440-ஐ வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம்.

உள்ளே இருந்த சங்கதியே வேறு. டிஐ வரிசை 2001-இல் வந்த ஜீஃபோர்ஸ் 3-இன் வாரிசு. எம்எக்ஸ் வரிசையோ 2000-இல் வந்த ஜீஃபோர்ஸ் 2-இன் சொந்தக்காரன். மெமரியைக் கையாளும் பகுதியைப் புதுசாக்கி, கடிகார வேகத்தை ஏற்றி, மேலே "4" என்று எழுதிவிட்டார்கள். ஜீஃபோர்ஸ் 3-இல் இருந்த பிக்சல் ஷேடர் இதில் கிடையவே கிடையாது. மூன்றில் இருந்தது நான்கில் இல்லை!

பிக்சல் ஷேடர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை, கேம் எழுதுகிறவரே ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தீர்மானிக்கும் வசதி. அதற்கு முன்பெல்லாம் சிப்பில் ஏற்கெனவே இருக்கும் நாலு சுவிட்சைத் தட்டி வேலை வாங்க வேண்டியதுதான். 2002-இல் வந்த மோரோவிண்ட் கேமில் தண்ணீர் அலை அலையாக வானத்தைப் பிரதிபலிக்கும். அந்தத் தண்ணீருக்கு பிக்சல் ஷேடர் வேண்டும். ஜீஃபோர்ஸ் 3 வைத்திருந்தவர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த எம்எக்ஸ் 440 வைத்திருந்தவருக்குச் சாதாரணத் தண்ணீர்தான். 2003 கடைசியில் வந்த டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார் இன்னும் மோசம். பிக்சல் ஷேடர் இல்லாத கார்டில் அது ஓடவே மறுத்தது.

டூம் உருவாக்கிய ஜான் கார்மாக் அந்த பிப்ரவரி மாதமே இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கண்டித்து எழுதினார். புது டூமுக்காக எம்எக்ஸ் வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். (வேடிக்கை என்னவென்றால், 2004-இல் டூம் 3 வந்தபோது எம்எக்ஸ்-இலும் அது ஓடும்படி செய்திருந்தார்கள். அத்தனை பேர் வீட்டில் அந்தக் கார்டு இருந்தது, வேறு வழி?)

சரி, என்விடியாவை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஏடிஐ மட்டும் என்ன யோக்கியமா? ரேடியான் 9500, 9600, 9700, 9800 எல்லாம் டைரக்ட்எக்ஸ் 9 கார்டுகள். ரேடியான் 9000, 9100, 9200? எல்லாம் அதற்கு முந்தைய டைரக்ட்எக்ஸ் 8.1 தலைமுறை. எண் மட்டும் ஒன்பதாயிரத்தில் தொடங்கும். ரேடியான் 9000-ஐவிட, எண்ணில் சின்னதான பழைய ரேடியான் 8500 வேகமானது. 9100 என்பது அந்த 8500-க்கே வைத்த புதுப் பெயர். அப்பா பெயரை மகனுக்கு வைப்பார்கள். இங்கே அப்பாவுக்கே புதுப் பெயர் வைத்து மகன் என்று கூட்டி வந்தார்கள்.

பெயரை நம்பக்கூடாது, ஒப்புக்கொள்ளலாம். பெட்டியில் போட்ட எண்களையாவது நம்பலாமா?

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது மெமரி அளவு. 64 எம்பி, 128 எம்பி, 256 எம்பி. கடைக்காரரும் முதலில் அதைத்தான் சொல்வார். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மெமரி அளவு என்பது தொட்டியின் கொள்ளளவு. குளிக்கும்போது தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது தொட்டியைப் பொறுத்ததா, குழாயைப் பொறுத்ததா? ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்து, அதில் பேனா தடிமனுக்கு ஒரு குழாய் போட்டால் ஷவரில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். கிராஃபிக்ஸ் கார்டில் அந்தக் குழாய்க்குப் பெயர் மெமரி பேண்ட்வித். அதைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மெமரி பஸ் எத்தனை பிட் என்று பார்த்து, எட்டால் வகுத்தால் பைட். அதை மெமரியின் செயல்வேகத்தால் பெருக்கினால் ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு போய்வர முடியும் என்பது கிடைக்கும்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜீஃபோர்ஸ் 2 ஜிடிஎஸ் நல்ல உதாரணம். 200 மெகாஹெர்ட்ஸ், 4 பைப்லைன். எனவே விநாடிக்கு 80 கோடி பிக்சல் வரையலாம் என்பது ஏட்டுக் கணக்கு. இப்போது ஒரு பிக்சலை வரைய என்ன செலவு என்று பாருங்கள். 32 பிட் நிறத்தை எழுத 4 பைட். அந்தப் புள்ளி வேறு எதற்காவது பின்னால் மறைந்திருக்கிறதா என்று பார்க்க, ஆழ மதிப்பைப் படிக்க 4 பைட். புதிய ஆழத்தை எழுத இன்னொரு 4 பைட். மொத்தம் 12. டெக்ஸ்சரைப் படிக்கிற செலவை இதில் சேர்க்கவே இல்லை. 80 கோடியை 12-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 9.6 ஜிபி. அந்தக் கார்டின் குழாயில் வரக்கூடியதோ 5.3 ஜிபி. ஆக, சிப் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு மெமரிக்காகக் காத்திருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 16 பிட் நிறத்துக்கு மாற்றினால் இதே கார்டு சட்டென்று வேகமெடுத்ததற்கும் காரணம் இதுதான்.

அதற்கு முந்தைய ஜீஃபோர்ஸ் 256 கதையும் இதேதான். ஒரே சிப், இரண்டு விதமான மெமரி. எஸ்டிஆர் மெமரி போட்ட கார்டில் 2.7 ஜிபி சுமார், டிடிஆர் போட்டதில் 4.8 ஜிபி. சிப் ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் ஒரே கார்டு என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்.

தொட்டிக்கும் குழாய்க்கும் நேரடியாகச் சண்டை வந்த இடம் ஜீஃபோர்ஸ் 4 டிஐ 4200. அந்தக் காலத்தில் காசுக்கு ஏற்ற கார்டு என்று பலரும் கொண்டாடிய கார்டு அது, கொண்டாடியதில் தப்பே இல்லை. இது 64 எம்பி, 128 எம்பி என்று இரண்டு வகையில் வந்தது. 128 தான் விலை அதிகம். ஆனால் 64 எம்பி கார்டின் மெமரி 500 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, 128 எம்பி கார்டின் மெமரி 444-இல். பஸ் இரண்டிலும் 128 பிட்தான். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 8 ஜிபி, மற்றதற்கு 7.1 ஜிபி. அதாவது அதிகக் காசு கொடுத்தவருக்குச் சின்னக் குழாய். அன்றைய கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு 64 எம்பி போதுமானதாக இருந்ததால் மலிவான கார்டே முந்தியது. பிறகு டெக்ஸ்சர்கள் பெரிதான கேம்கள் வந்தபோது 128 எம்பிக்காரர் சிரித்தார். ஆக "எது வேகம்?" என்ற கேள்விக்கு "எந்த வருடத்து கேமில்?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இதற்கு மேல் ஒரு படி போனது 2003-இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200. டைரக்ட்எக்ஸ் 9 வசதி உள்ள கார்டு மலிவு விலையில்! பெட்டியைப் பார்த்தால் டிஐ 4200 எல்லாம் கிழட்டுக் கார்டு என்று தோன்றும். ஆனால் எஃப்எக்ஸ் 5200-இன் டைரக்ட்எக்ஸ் 9 வசதி, நீச்சல் தெரியும் என்று சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருப்பது மாதிரி. உண்மையிலேயே ஒரு கேம் அந்த வசதியைக் கேட்டால் படம் ஸ்லைடு ஷோவாக ஓடும். பழைய கேம்களில் சில சோதனைகளில் அது எம்எக்ஸ் 440-இடம் கூடத் தோற்றது. டிஐ 4200 பக்கத்திலேயே வர முடியவில்லை. போதாக்குறைக்கு, 128 பிட் பஸ் உள்ள 5200 ஒன்று, 64 பிட் பஸ் உள்ள 5200 ஒன்று என்று சந்தையில் இரண்டும் கலந்து கிடந்தன. 64 பிட் என்றால் குழாய் நேர் பாதி. பெட்டியில் "128" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எம்பியா, பிட்டா? எம்பிதான், வேறென்ன!

பழைய கார்டு கையில் கிடைத்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மெமரி சிப்களை எண்ணுங்கள். இரண்டு ஓரத்திலும் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான டிடிஆர் சிப் என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு 16 பிட். நாலு இருந்தால் 64 பிட் பஸ், எட்டு இருந்தால் 128 பிட் பஸ். கார்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், அங்கேயும் நாலு ஒளிந்திருக்கலாம். கால்களே தெரியாத சதுரச் சிப் என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு 32 பிட்.

இனி அந்தப் பெரிய சண்டைக்கு வரலாம். 2002 ஆகஸ்டில் ஏடிஐ, ரேடியான் 9700 புரோவைக் கொண்டுவந்தது. 325 மெகாஹெர்ட்ஸ், 8 பைப்லைன், 256 பிட் பஸ், 620 மெகாஹெர்ட்ஸ் மெமரி. குழாய் கணக்குப் போட்டால் 19.8 ஜிபி. அதுவரை ராஜாவாக இருந்த டிஐ 4600-க்கு 10.4 ஜிபிதான். ஒரே தாவலில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! என்விடியாவின் பதில் நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2003 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது: ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. காகிதத்தில் பாருங்கள். 500 மெகாஹெர்ட்ஸ் சிப். 1000 மெகாஹெர்ட்ஸ் மெமரி, அதுவும் புத்தம் புது டிடிஆர்2. 0.13 மைக்ரான் தயாரிப்பு, ஏடிஐயோ பழைய 0.15 மைக்ரான். 12 கோடியே 50 லட்சம் டிரான்சிஸ்டர். எந்த எண்ணை எடுத்தாலும் எஃப்எக்ஸ் பெரிசு, ஒன்றைத் தவிர. பஸ் 128 பிட்தான். 16 பைட்டை 1000-ஆல் பெருக்கினால் 16 ஜிபி. ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் என்று மார்தட்டிய மெமரி, 620-இடம் தோற்றது.

பைப்லைன் விஷயத்திலும் ஒரு கண்கட்டு வித்தை. ஒரு கடிகாரத் துடிப்புக்கு 8 பிக்சல் என்று முதலில் பேச்சு. பிறகுதான் தெரிந்தது, நிறம் இல்லாமல் ஆழ மதிப்பை மட்டும் எழுதும்போதுதான் அந்த எட்டு. நிறத்தோடு வரைந்தால் நாலு.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எஃப்எக்ஸ்-இன் உண்மையான நோய் எந்த அட்டவணையிலும் இல்லை. டைரக்ட்எக்ஸ் 9 ஷேடர் கணக்குகளுக்கு முழுத் துல்லியம் என்றால் குறைந்தது 24 பிட் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்தது. ஏடிஐ சரியாக 24 பிட்டில் செய்தது. என்விடியாவிடம் 16 பிட் உண்டு, 32 பிட் உண்டு, 24 இல்லை. 24 கிலோ மூட்டை கேட்டு வருகிறவருக்கு 16 கிலோ கொடுத்தால் போதாது. 32 கிலோ கொடுத்தால் தூக்குகிறவன் இடுப்பு ஒடியும். அதுதான் நடந்தது. கணக்கின் நடுவில் வரும் எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர் இடம் அந்தச் சிப்பில் குறைவு. 32 பிட் எண்களைப் பரப்பி வைத்தால் இடம் நெருக்கடியாகி சிப் தடுமாறும். 32 பிட் இருப்பது விளம்பரத்தில் பெருமை, கேமில் சுமை.

2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் 2-இன் சோதனை முடிவுகளை ஏடிஐ நடத்திய ஒரு நிகழ்ச்சியில் காட்டியது. அதற்குள் என்விடியா 5800-ஐக் கைகழுவிவிட்டு, 256 பிட் பஸ்ஸும் 27.2 ஜிபி பேண்ட்வித்தும் உள்ள 5900 அல்ட்ராவைக் கொண்டுவந்திருந்தது. குழாயில் ஏடிஐயையும் தாண்டியாயிற்று. இருந்தும் டைரக்ட்எக்ஸ் 9 முறையில் ரேடியான் 9800 புரோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. எஃப்எக்ஸ்-க்காகத் தனியாக ஒரு பாதை எழுத ஐந்து மடங்கு நேரம் ஆனது என்றும் வால்வ் சொன்னது. வால்வுக்கும் ஏடிஐக்கும் அப்போது வியாபார ஒப்பந்தம் இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனால் 2004 நவம்பரில் கேம் வெளிவந்தபோது எஃப்எக்ஸ் கார்டுகளை அது தானாகவே டைரக்ட்எக்ஸ் 8 வரிசையில் உட்கார வைத்தது. "டைரக்ட்எக்ஸ் 9" என்ற வார்த்தைக்காகவே காசு கொடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! டூம் 3-இல் மட்டும் எஃப்எக்ஸ் அவ்வளவு கேவலப்படவில்லை. அந்த கேம் முழுக்க நிழல், நிழலுக்கு நிறம் வேண்டாம், முன்னே சொன்ன அந்த எட்டு அங்கே கைகொடுத்தது.

5800 அல்ட்ராவின் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அந்தச் சூட்டை வெளியேற்ற இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும் ஒரு விசிறி. முடி உலர்த்தும் கருவி, தூசி உறிஞ்சி என்றெல்லாம் உலகம் கிண்டலடித்தது. கடைசியில் என்விடியாக்காரர்களே தங்கள் கார்டைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்துவிட்டார்கள்.

பெயரும் பொய், எண்ணும் பாதி உண்மை என்றால் ஓடவிட்டு அளப்பதுதானே வழி? அங்கேயும் பூதம் இருந்தது. 2001-இல் ரேடியான் 8500 வந்தபோது, குவேக் 3 புரோகிராமின் பெயரில் "குவேக்" என்று இருந்ததை "குவாக்" என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது! டிரைவர், புரோகிராமின் பெயரைப் பார்த்தே டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்து வேகம் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த டிரைவரில் ஏடிஐ அதைச் சரிசெய்தது.

2003 மே மாதம் என்விடியாவின் முறை. 3டிமார்க் 03 என்ற சோதனைப் புரோகிராமில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். எனவே எந்தெந்த இடம் திரையில் தெரியாது என்பது முன்கூட்டியே தெரியும். அந்த இடங்களை வரையாமலே விட்டுவிடும்படி டிரைவரில் எழுதி வைத்திருந்தார்கள். கேமராவைப் பாதையை விட்டு நகர்த்திப் பார்த்தபோது வானம் பாதியில் கிழிந்து தொங்கியது. 3டிமார்க்கைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் ஒரு திருத்தம் வெளியிட்டது. 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24 சதவீதம் சரிந்தது. ஏடிஐயும் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது, அவர்களும் கை வைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த மாதமே ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் சேர்ந்து, இது ஏமாற்று அல்ல, குறிப்பிட்ட புரோகிராமுக்கான மேம்படுத்தல் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். காப்பியடித்த மாணவன் அதைக் குறிப்பிட்ட தேர்வுக்கான மேம்படுத்தல் என்று சொல்லிப் பார்க்கட்டும், தெரியும்! :-)

இந்த ஏமாற்றுக் கதைகளுக்கு நடுவில் தலைகீழான ஒன்றும் நடந்தது. ரேடியான் 9500-இன் 128 எம்பி கார்டுகளில் சில, 9700-இன் அதே பலகையில் செய்யப்பட்டவை. மெமரி சிப்கள் சிப்பைச் சுற்றி 'L' மாதிரி மடங்கி நிற்கும். உள்ளே இருந்ததும் 9700-இன் சிப்தான், பாதி பைப்லைனை மூடி வைத்திருந்தார்கள். டிரைவரைத் திருத்தினால் மூடியது திறந்துகொள்ளும், 9500 வாங்கியவர் கையில் 9700! ஆனால் எல்லாருக்கும் யோகம் அடிக்கவில்லை. சிலருடைய சிப்பில் மூடி வைத்த பகுதி உண்மையிலேயே பழுதானது. திறந்தால் திரையெங்கும் சதுரங்கப் பலகைக் கட்டம்தான். வாங்கும்போது பெட்டிக்குள் எட்டிப் பார்த்து மெமரி எப்படி அடுக்கியிருக்கிறது என்று தேடியவர்கள், பெட்டியில் எழுதியதைப் படிக்கவே இல்லை.

பிறகு ஏடிஐயை 2006-இல் ஏஎம்டி வாங்கியது, சிப்கள் எங்கேயோ போய்விட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை. 2008-இன் 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ், 2009-இல் ஜிடிஎஸ் 250 ஆனது. அதே 128 ஷேடர் அலகுகள், அதே 738 மெகாஹெர்ட்ஸ். 2017-இல் வந்த ஜிடி 1030-இன் பேண்ட்வித் 48 ஜிபி. 2018-இல் அதே ஜிடி 1030 என்ற பெயரில், அதே 2 ஜிபி மெமரி அளவில், சாதாரண டிடிஆர்4 போட்டு இன்னொன்று வந்தது. அதன் பேண்ட்வித் 16.8 ஜிபி. கணக்குப் போடும் வேகத்தில் அது பழைய கார்டுகளை ஊதித் தள்ளிவிடும், சந்தேகமில்லை. ஆனால் குழாயை மட்டும் அளந்தால், 2002-இல் வந்த ரேடியான் 9700 புரோவின் 19.8-ஐவிட அது சின்னது.